தட்டு சொன்ன சேதி

ஆண்கள் அறுவைப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. அதை யாரும் ஏற்படுத்தவில்லை. யாரும் எழுதி ஒட்டவுமில்லை. ஆயினும், சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருந்த விதிகள் அனைத்தையும்விட அது ஒழுங்காக நடந்துவந்தது. நாளைக்கு அறுவை என்று சொல்லப்பட்ட நோயாளி இரவிலிருந்தே பட்டினி கிடப்பார். விடிந்தபின் அவருக்குத் தண்ணீரும் கிடையாது. அறுவை உண்டென்றால் தள்ளுவண்டி வந்து அவரை அழைத்துப் போகும். இல்லையென்றால் சாப்பாட்டுத் தட்டு வரும். 'உங்களுக்கு இன்று அறுவை இல்லை' என்று வாய்திறந்து சொல்லும் பொறுப்பு எவருக்கும் இல்லாதபடியால், அந்தச் சேதியை ரொட்டியும் சூப்பும் சொல்லிவந்தன.

பழைய நோயாளிகள் இதை அறிவார்கள். புதிதாக வருபவர்களுக்கு, குடலிறக்கத்துக்காக ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த தச்சர் விளக்கிச் சொல்வார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. தட்டு வந்தா கத்தி வராது. கத்தி வந்தா தட்டு வராது. ரெண்டும் சேர்ந்து வந்துச்சுன்னா, வழி தெரியாம ஓட்டலுக்குள்ள புகுந்துட்டீங்கன்னு அர்த்தம்."

எல்லாரும் சிரிப்பார்கள். செவிலியரும் சிரிப்பார்கள். அந்தப் பிரிவின் தலைமைச் செவிலியரை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்றே அழைத்தார்கள். அவரும் பலமுறை சிரித்திருக்கிறார். ஒரு குறையைச் சொல்லிச் சிரிக்கப் பழகிவிட்டால், அதைத் திருத்த வேண்டும் என்ற எண்ணமே ஒருவருக்கும் எழுவதில்லை.

கதவருகே இருந்த கட்டிலுக்கு வந்தவர் பழச்சந்தையில் ஏலம் கூறுபவர். பித்தப்பையில் கற்கள். அவற்றுள் ஒன்று பித்தக் குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டதால் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. குழாயை மட்டும் முதலில் சரிசெய்திருந்தார்கள். பையை எடுத்தாக வேண்டும்; எடுக்காமல் வீட்டுக்குப் போனால் அடுத்த அடைப்பில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

ஏலக்காரரின் குரல் சந்தைக்கென்றே வளர்ந்த குரல். லாரி இரைச்சலையும் கூலியாட்களின் கூச்சலையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று வளர்ந்த அந்தக் குரலுக்கு, நான்கு சுவருக்குள் அடங்கத் தெரியவில்லை. அவர் "தண்ணி வேணும்" என்று கேட்டால், தண்ணீர் தராதவனை உதைப்பேன் என்று சொல்வதுபோல் இருக்கும். வந்த அன்றே ஒரு செவிலியர், தம்மிடமிருந்து பொறுப்பேற்றவரிடம், "கதவு கட்டில், வாய் ஜாஸ்தி, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். இப்படியே கைமாறிக் கைமாறி, ஏலக்காரரின் பித்தப்பையைவிட அவருடைய வாய்தான் அந்தப் பிரிவில் பெயர்பெற்ற நோயாகிவிட்டது. ஆகவே அவரிடம் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாமல் எல்லாரும் ஒதுங்கிப் போனார்கள். அவர் இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

அவருடைய அறுவை முன்பே இருமுறை தள்ளிப்போயிருந்தது. இரண்டு முறையும் தட்டுதான் வந்தது.

மூன்றாம் முறை நடந்தது இதுதான். காலையில் எங்கோ ஒரு சாலை விபத்து. அடிபட்டவர்களை நேரே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். மற்ற அறுவைகளை ஒத்திவைக்கும்படி மருத்துவர் அரங்கப் பணியாளரிடம் சொன்னார். அரங்கப் பணியாளர் பிரிவுக்குத் தொலைபேசியில் சொன்னார். தொலைபேசியை எடுத்த இளைய செவிலியர், சின்ன சிஸ்டர், சமையலறைக்குச் சொன்னார். சமையலறை தட்டை எடுத்துக் கொடுத்தது. ஒருவர்கூடத் தம் வேலையில் தவறவில்லை. சேதி எல்லாரிடமும் போய்ச் சேர்ந்தது, அது யாரைப் பற்றியதோ அவரைத் தவிர.

பணியாளர்களும் நோயாளிகளும் தட்டுக்காரம்மா என்று அழைக்கும் நடுத்தர வயதுப் பெண்மணி, நண்பகலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கதவருகே இருந்த கட்டிலின் மேசைமேல் தட்டை வைத்தார்.

ஏலக்காரர் அதைப் பார்த்தார்.

"என்னது இது?"

"சாப்பாடு."

"எனக்கு இன்னைக்கு ஆபரேஷன்."

"எனக்கென்னங்க தெரியும்? உங்க கட்டிலுக்குன்னு குடுத்தாங்க, கொண்டுவந்தேன்."

அவர் வேறொன்றும் பேசவில்லை. அதுதான் வியப்பு. தட்டை இரண்டு கைகளாலும் தூக்கி எறிந்தார். ரொட்டி கட்டிலுக்கு அடியில் உருண்டது. தட்டு தரையில் சுழன்று சுழன்று நின்றது. சூப்பு முழுவதும் தட்டுக்காரம்மாவின் வலக்கையில் கொட்டியது.

தச்சர்கூட வாயை மூடிக்கொண்டார். ஏலக்காரர் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவை வேறு யாருடையவோ என்பதுபோல.

சற்று நேரத்தில் காவலாளி வந்து கட்டிலருகே நின்றார். மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் அறையிலிருந்து பெரிய சிஸ்டருக்கு ஆள் வந்தது. பணியாளர்மீது கைவைப்பவர் எவராயினும் வெளியேற்றப்படுவார் என்று வாசலிலேயே பலகை தொங்குகிறது. தலைமைச் செவிலியர் மாலைக்குள் நடந்ததை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால் போதும். நோயாளியை அன்றே அனுப்பிவிடலாம்.

எழுதுவதற்கு முன் பெரிய சிஸ்டர் தட்டுக்காரம்மாவைக் கட்டுப் போடும் அறைக்கு அழைத்துப் போய், அவர் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவந்திருந்தது.

"எரியுதா?"

"எரியாம குளிருமா?"

"போலீசுல சொல்லணும்னா சொல்லலாம். நானும் கூட வர்றேன்."

"அந்த ஆளை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல உங்களைக் கேக்கணும்."

"என்னையா?"

"உங்களைத்தான். அவருக்கும் எனக்கும் என்ன பகை? யார் மேலயோ எறியணும்னு இருந்தாரு. எறியுற நேரத்துல நான் போய் நின்னேன். நான் ஏன் நின்னேன்? நீங்க யாரும் நிக்கல, அதனால நின்னேன்."

பெரிய சிஸ்டர் தண்ணீரின் வேகத்தைக் குறைத்தார்.

"போன வாரம் ஒருத்தர் தட்டைப் பாத்ததும் பொசுக்குன்னு அழுதுட்டாரு. அதுக்கு முன்னாடி ஒருத்தர் என் பரம்பரையையே இழுத்து வச்சுத் திட்டினாரு. நான் தட்டு கொண்டுவர்றவ, சிஸ்டர். சேதி கொண்டுவர்றது என் வேலையா?"

"இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே. சிரிச்சீங்களே!"

பெரிய சிஸ்டருக்குச் சுருக்கென்றது. சொன்னது உண்மை. தச்சரின் வேடிக்கைப் பேச்சுக்கு இடையில் அதுவும் ஒரு வேடிக்கையாகவே அவர் காதில் விழுந்திருந்தது. ஈரத்தை ஒற்றியெடுத்து, களிம்பைத் தடவி, துணியை மெல்லச் சுற்றினார். அந்த வேலையில் மட்டும் அவர் கைகள் தடுமாறவில்லை.

செவிலியர் அறையில் சின்ன சிஸ்டர் காத்திருந்தார். எழுதுவதற்குத் தாளைக்கூட எடுத்து வைத்திருந்தார்.

"எழுதிட்டீங்களா அக்கா?"

"இன்னும் இல்லம்மா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? போன மாசம் ஒருத்தன் என்னைச் செவுத்தோட சேத்துத் தள்ளினப்ப என்ன சொன்னீங்க? 'அவங்க வீட்டுல சாவு, பொறுத்துக்கோ'ன்னு சொன்னீங்க. பொறுத்துக்கிட்டேன். இப்ப இவருக்கும் ஏதாவது காரணம் இருக்கும். எல்லாருக்கும் காரணம் இருக்கு அக்கா. நமக்குத்தான் முதுகு மட்டும் இருக்கு."

பெரிய சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் சொன்னதில் பிழையில்லை. பொறுமை பொறுமை என்று ஒருபக்கத்துக்கு மட்டுமே போதித்துவந்தால், போதிக்கப்படுபவர் ஒருநாள் திரும்பிக் கேட்கத்தான் செய்வார்.

"பொறுத்துக்கன்னு இன்னைக்குச் சொல்லமாட்டேன். அன்னைக்குச் சொன்னதும் தப்புதான். ஒண்ணு மட்டும் கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. போன் வந்ததும் அவர்கிட்ட ஏன் போய்ச் சொல்லல?"

"சொன்னா கத்துவாரு."

"சொல்லாததுக்கு என்ன பண்ணினாரு?"

சின்ன சிஸ்டரின் முகம் சிவந்தது. "ஆபரேஷனைத் தள்ளிவச்சது நானா? தள்ளிவச்சவங்க வந்து சொல்லட்டும். யாரோ செஞ்சதுக்கு நான் ஏன் போய் நின்னு வாங்கிக் கட்டிக்கணும்?"

தட்டுக்காரம்மா கேட்டதும் இதே கேள்விதான். மருத்துவர் தம்மேல் விழ வேண்டிய கோபத்தை அரங்கத்துக்குத் தள்ளினார். அரங்கம் செவிலியருக்குத் தள்ளியது. செவிலியர் சமையலறைக்குத் தள்ளினார். தள்ளத் தள்ள அது கடைசியில், தள்ளிவிட வேறு ஆளில்லாத ஒருத்தியின் கையில் கொதிக்கக் கொதிக்க வந்து கொட்டியது. படித்தவர்கள் இத்தனை பேர் கூடிச் செய்த ஏற்பாடு இது! பெரிய சிஸ்டருக்கு முதலில் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று பார்த்தபோது, வரிசையின் நடுவில் தாமும் நிற்பது தெரிந்தது.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

ஏலக்காரர் மருத்துவமனைச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தம் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்றில் மாட்டியிருந்தன. அவருடைய மனைவி பையில் துணிகளை எடுத்து வைப்பதும், வைத்ததை மீண்டும் வெளியே எடுப்பதுமாக இருந்தார். காவலாளி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஒண்ணும் என்னை அனுப்ப வேணாம்! நானே போறேன்!" என்றார் ஏலக்காரர். கூடத்தின் மறுகோடியில் உறங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்தார்.

"உக்காருங்க அண்ணே."

"எதுக்கு உக்காரணும்? எழுதிக் குடுக்கப் போறீங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. எழுதுங்க!"

"எழுதத்தான் போறேன். அந்தம்மா கை வெந்துபோச்சு. அதை எழுதாம இருக்கமாட்டேன்."

அவர் குரல் உடனே இறங்கியது. "ரொம்பவா?"

"முழங்கை வரைக்கும்."

ஏலக்காரர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அவருடைய மனைவி பையைக் கீழே வைத்தார்.

"வீட்டுல இவருக்கு வாயே கிடையாது சிஸ்டர். எல்லாத்தையும் சந்தையிலேயே பேசித் தீத்துட்டு வந்துருவாரு. வீட்டுல நான் கேட்டதுக்கு 'உம்', கேக்காததுக்கு 'உஹும்', அவ்வளவுதான். இங்க வந்துதான் இப்படி."

"நீ சும்மா இரு," என்றார் கணவர்.

"பாத்தீங்களா, இதுதான் வீட்டுக் குரல்."

பெரிய சிஸ்டர் முக்காலியை இழுத்துப்போட்டு, அவருடைய முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். இத்தனை நாளில் அந்தக் கட்டிலருகே தாம் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நின்றபடி பேசியிருக்கிறார், நடந்தபடி பேசியிருக்கிறார், பக்கத்துக் கட்டிலைக் கவனித்தபடி பேசியிருக்கிறார்.

"காலையில ஒரு விபத்து. நாலஞ்சு பேரை ஒரே நேரத்துல கொண்டுவந்தாங்க. அதனாலதான் உங்களுக்குத் தள்ளிப்போச்சு. அதை யாரும் உங்ககிட்ட வந்து சொல்லல. அது எங்க தப்பு."

"விபத்தா?" என்றார் ஏலக்காரர். "உசுருக்குப் போராடுறவங்களை மொதல்ல பாக்கணும். அது எனக்குத் தெரியாதா? நான் என்ன மிருகமா? சொல்லியிருந்தா சரின்னு படுத்திருக்கப் போறேன்."

"கத்தியிருப்பீங்க."

"கத்தியிருப்பேன். கத்திட்டுப் படுத்திருப்பேன்."

மனைவி சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏலக்காரர் மாறிக் கிடந்த பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். தலையைக் குனிந்துகொண்டு பேசியதால், முதன்முறையாக அவர் குரல் அந்தக் கட்டிலைத் தாண்டவில்லை.

"உங்களுக்கு இது தினம் நடக்குற வேலை, சிஸ்டர். எனக்கு அப்படி இல்ல. மயக்கம் குடுத்தா மறுபடி முழிப்பேனா, மாட்டேனான்னு ராத்திரி பூரா படுத்துக்கிட்டே நினைச்சுக்கிட்டிருப்பேன். விடிஞ்சதும் இவகிட்ட, வீட்டை இப்படிப் பாத்துக்கோ, மூத்தவனை அதட்டாதே, சின்னவளைக் கொஞ்சம் அதட்டுன்னு எல்லாம் சொல்லிமுடிப்பேன். சொல்லிமுடிச்சா மனசு ஒரு மாதிரி அடங்கிப்போயிரும். சரி, வா போகலாம்னு தயாரா இருப்பேன். அப்போ ரொட்டி வரும். சாகத் தயாரானவனுக்கு ரொட்டி! மறுபடி மொதல்லேருந்து பயப்படணும். ஒரு மனுசன் எத்தனை தடவைதான் சாகத் தயாராகுறது?"

இந்தக் கட்டிலில் வாய் ஜாஸ்தி என்று எத்தனையோ பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பயம் ஜாஸ்தி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"போகாதீங்க அண்ணே," என்றார் பெரிய சிஸ்டர். "போனா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரே. அதுல ஒரு வார்த்தைகூட மிகையில்ல."

"நாளைக்காவது நடக்குமா?"

நடக்கும் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"தெரியாது. நடக்கலைன்னா தட்டுக்கு முன்னாடி ஆள் வரும். அதை மட்டும் என்னால சொல்ல முடியும்."

ஏலக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி பையிலிருந்த துணிகளை வெளியே எடுக்கத் தொடங்கினார். இம்முறை மறுபடி உள்ளே வைக்கவில்லை.

பெரிய சிஸ்டர் எழுதிக் கொடுத்த தாளைக் கண்காணிப்பாளர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எறிஞ்சாருன்னு எழுதியிருக்கீங்க, சரி. கை வெந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதுவும் சரி. அறுவை இல்லைன்னு அவருக்கு யாரும் சொல்லலைன்னு எதுக்கு எழுதியிருக்கீங்க? அதை யாரு கேட்டா?"

"நடந்ததை எழுதச் சொன்னீங்க சார். அதுவும் நடந்தது. சரியாச் சொன்னா, அதுதான் நடக்காதது."

"நாளைக்கு எல்லாரும் எறிவாங்க. எறிஞ்சுட்டு, சொல்லலை, அதனால எறிஞ்சேன்னு சொல்வாங்க. அப்போ என்ன பண்ணுவீங்க?"

"சொல்லிட்டோம், அப்படியும் எறிஞ்சாருன்னா நானே வெளிய அனுப்புறேன் சார். இன்னைக்கு அப்படிச் சொல்றதுக்கு நமக்கு யோக்கியதை இல்ல."

அந்தக் கடைசிச் சொல் கண்காணிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு, கை வெந்த பெண் சம்மதித்தால் நோயாளி இருக்கலாம் என்றார். "ஆனா ஒண்ணு. அந்த ஆளால இன்னொரு தடவை ஏதாவது நடந்துச்சுன்னா, அவரும் வெளிய போவாரு, அந்த வார்டுப் பொறுப்பும் உங்க கையை விட்டுப் போகும். ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன் சார்," என்றார் பெரிய சிஸ்டர்.

தட்டுக்காரம்மா எளிதில் சம்மதிக்கவில்லை. "அவரோட மன்னிப்பை வச்சு நான் என்ன பண்றது? கையில தடவிக்கவா?" என்றார். பிறகு தம் நிபந்தனையைச் சொன்னார். "நாளையிலேருந்து வண்டியைக் கதவுக்கு வெளியவே நிறுத்திருவேன். இந்தக் கட்டிலுக்குச் சொல்லியாச்சுன்னு நீங்க வந்து என்கிட்ட சொல்லணும். சொல்லாத கட்டிலுக்குத் தட்டு உள்ள வராது. சூப்பு ஆறினா ஆறட்டும்."

"அப்படியே செய்யலாம்."

"சிரிக்காமச் சொல்லுங்க."

"சிரிக்கலம்மா."

மாலையில் ஏலக்காரர் தாமே நடந்துபோய், வண்டியருகே நின்ற தட்டுக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்க நினைத்தார் போலும். ஆனால் குரல் அவருக்குக் கட்டுப்படவில்லை. "அம்மா! தப்புதாம்மா! ஆத்திரத்துல பண்ணிட்டேன்!" என்பது மாடிப்படிவரை கேட்டது.

"நல்லவேளை, சத்தமாத்தான் எறிஞ்சீங்க, சத்தமாவே மன்னிப்பும் கேக்குறீங்க," என்றார் தட்டுக்காரம்மா. "போங்க, போய்ப் படுங்க. கையைப் பாத்தா எனக்கு இன்னும் கோவம் வருது. ஆறட்டும், அப்புறம் பேசலாம்."

எஞ்சியிருந்தவர் மருத்துவர். நாள் முழுவதும் அரங்கில் நின்றுவிட்டு, முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் பதிந்திருக்க, மருத்துவர் அறையில் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பெரிய சிஸ்டரைவிட வயதில் இளையவர். கை சுத்தம், மனமும் சுத்தம். ஆனால் நோயாளி விழித்திருக்கும்போது அவரிடம் என்ன பேசுவது என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"நான் அரங்குக்குள்ள நிக்கும்போது வார்டுக்கு வந்து சொல்ல முடியுமா சிஸ்டர்? நீங்களே யோசிங்க."

"முடியாதப்போ நாங்க சொல்றோம். நீங்க எங்களுக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்க. முடியுறப்போ நீங்க வாங்க. ஒரு ரெண்டு வார்த்தைதான்."

"அவரு கத்துவாரே."

"கத்துவாரு."

"நான் என்ன சொல்றது அப்போ?"

"ஒண்ணும் சொல்லாம நில்லுங்க. வயித்தைக் கிழிக்கப் பயப்படாத ஆளு, வாயைத் திறக்கவா பயப்படுறீங்க?"

மருத்துவர் சிரித்தார். ஆனால் அச்சிரிப்பில் ஒப்புதல் இருந்ததா, தட்டிக்கழித்தல் இருந்ததா என்று பெரிய சிஸ்டரால் கணிக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏலக்காரருக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். மனைவி இன்னும் வந்து சேரவில்லை. பெரிய சிஸ்டர் கட்டில்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் வாசலில் நின்று கையசைத்து அவரை வெளியே அழைத்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததுமே சேதி தெரிந்துவிட்டது.

"மயக்க மருந்து குடுக்குற மெஷின் பழுது. சரிபண்ண ஆள் வந்துட்டிருக்காங்க. இன்னைக்கு நடக்காது."

விபத்து என்றால் சொல்வது எளிது. அதில் யாருடைய குற்றமும் இல்லை. இயந்திரம் பழுது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வதற்கு நெஞ்சில் வேறுவகை உரம் வேண்டும்.

"இன்னொரு விபத்துன்னு சொல்லிடலாமா சிஸ்டர்?" என்றார் மருத்துவர் தாழ்ந்த குரலில்.

"தட்டாவது பொய் சொன்னதில்ல டாக்டர்."

மருத்துவர் ஒரு நொடி நின்றார். பிறகு கூடத்துக்குள் நடந்தார். பெரிய சிஸ்டர் பின்னால் போனார். சின்ன சிஸ்டர் மருந்து வண்டியருகே அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே காவலாளி தயாராக இருந்தார். கண்காணிப்பாளர்தான் அவரை அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

மருத்துவர் முக்காலியில் உட்கார்ந்தார். ஏலக்காரர் கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு உங்களுக்கு ஆபரேஷன் பண்ண முடியாது," என்றார் மருத்துவர். "மயக்க மருந்து குடுக்குற மெஷின் பழுதாயிருச்சு. அது சரியா வேலை செய்யாம உங்களைத் தூங்க வைக்க நான் விரும்பல. நாலு தடவை பட்டினி போட்டுட்டோம். நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"மெஷின் பழுதா!"

அந்தக் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "ஆஸ்பத்திரி நடத்துறீங்களா, பழைய சாமான் கடை நடத்துறீங்களா? மெஷின் ஓடுதா ஓடலையான்னு நேத்தே பாக்கக் கூடாதா? எங்க சந்தையில தராசு பழுதுன்னு சொன்னா விடுவாங்களா? என்னை உரிச்சுத் தொங்கவிட மாட்டாங்க?"

காவலாளி உள்ளே ஓர் அடி எடுத்து வைத்தார். பெரிய சிஸ்டர் திரும்பாமலேயே கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். ஏலக்காரரின் கைகளைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவை போர்வையை இறுகப் பற்றியிருந்தன. மருத்துவர் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால்கூட நிமிர்ந்துவிட்டது. அப்போது சின்ன சிஸ்டர் மருந்து வண்டியை விட்டு நடந்து வந்து, கட்டிலின் மறுபக்கத்தில் நின்றார். நோயாளியின் தோளருகே, எட்டிப் பிடிக்கக்கூடிய தொலைவில், வெறுமனே நின்றார். மருத்துவர் மீண்டும் உட்கார்ந்தார்.

ஏலக்காரர் கத்தினார். மெஷினை வாங்கியவனை, விற்றவனை, பழுது பார்க்காதவனை, தம் பித்தப்பையை, அதில் கல் சேர்த்த விதியை, எல்லாரையும் ஒருவர் விடாமல் ஏலத்தில் விட்டார். மருத்துவர் "ஆமா" என்றார். சில இடங்களில் "அதுவும் சரிதான்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் தேய்ந்தது. தொண்டை வறண்டு இருமல் வந்ததும் சின்ன சிஸ்டர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"இப்போ குடிக்கலாமா?" என்று கேட்டார் ஏலக்காரர், சந்தேகத்தோடு.

"குடிக்கலாம்ணே. இன்னைக்குத்தான் இல்லையே."

குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்த்தார்.

"நாளைக்கு?"

"மெஷின் சரியாச்சுன்னா நீங்கதான் மொதல் ஆளு. சரியாகலைன்னா நான் மறுபடி வந்து சொல்றேன்."

"வந்து திட்டு வாங்குவீங்க?"

"வாங்கிக்கிறேன்."

ஏலக்காரர் தலையை ஆட்டினார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து கைப்பேசியை எடுத்தார். பெரிய சிஸ்டர் கதவுக்கு வெளியே போய், காவலாளியை அனுப்பிவிட்டு, சமையலறைக்குச் செய்தி சொல்லத் தொலைபேசியை எடுத்தபோதும் அந்தப் பேச்சு அவருக்குத் தெளிவாகக் கேட்டது. கட்டடம் முழுவதற்குமே கேட்டிருக்கும்.

"எங்க இருக்கே? பஸ்ஸுலயா?... இன்னைக்கு இல்லையாம். மெஷின் பழுதாம்... யாரா? டாக்டரே வந்து சொன்னாரு... கத்தாம பின்ன? நல்லாக் கத்தினேன்... இல்ல இல்ல, கிளம்பல. இங்கதான் இருக்கேன். நீ மெதுவா வா."